கறுப்பு வண்டியில் சுழல் கீறல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெயில் பட்டதும் கறுப்புப் பெயின்டில் சிலந்தி வலை போலத் தெரியும் மெல்லிய கீறல்களைப் பற்றி, வண்டி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே. டீட்டெயிலிங் (வண்டியை நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் வேலை) செய்பவர்கள் இவற்றை ஸ்வர்ல் மார்க் என்பார்கள். பதில்கள் காரை மனதில் வைத்து எழுதியவை. பளபளப்பான கிளியர் கோட் (நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற அடுக்கு) உள்ள பைக் டேங்குக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

நான் வட்டமாகத் துடைப்பதே இல்லை. பிறகு ஏன் வட்ட வட்டமாகக் கீறல் விழுகிறது?

கீறல்கள் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கும் மெல்லிய கோடுகள்தான் அவை. சூரியனோ விளக்கோ பெயின்டில் பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றி, ஒளிக்குக் குறுக்காக ஓடும் கோடுகள் மட்டும் பளிச்சென்று கண்ணுக்குத் தெரிகின்றன, மற்றவை மறைந்துவிடுகின்றன. அதனால் அந்த ஒளிப்புள்ளியைச் சுற்றி வளையங்கள் இருப்பதாகத் தோன்றுகிறது. டார்ச்சை நகர்த்திப் பாருங்கள், வளையமும் கூடவே நகரும்.

கீறல் விழக் காரணம் கை போகும் திசை அல்ல, துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் தூசி. சாலைத் தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. கிளியர் கோட்டை விட அவை பல மடங்கு கடினமானவை. நேர்கோட்டில் துடைப்பதால் கிடைக்கும் லாபம் ஒன்றுதான்: கீறல் விழுந்தாலும் ஒரே திசையில் விழும், ஒரு சில கோணங்களில் மட்டும் தெரியும்.

பக்கத்தில் நிற்கும் வெள்ளை வண்டியில் ஒன்றுமே தெரியவில்லையே?

இருக்கிறது, தெரியவில்லை. வெள்ளை நிறமி தன்மேல் விழும் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கிறது. அந்த வெளிச்சத்தில் கீறலின் மினுக்கம் அமுங்கிப்போகும். கறுப்பு நிறமி ஒளியை விழுங்கிவிடுவதால் கண்ணுக்கு வருவது மேற்பரப்பின் பிரதிபலிப்பு மட்டுமே. அந்தப் பரப்பில் எங்கே பிசிறு இருந்தாலும் அது தனியாகத் தெரியும். கறுப்புப் பெயின்ட் மற்ற நிறங்களை விட இயல்பிலேயே மென்மையானது என்று சொல்வதை நம்ப வேண்டாம். கிளியர் கோட் உள்ள வண்டியில் கீறல் விழுவது நிறமற்ற மேலடுக்கில். மென்மையும் கடினமும் அந்த அடுக்கின் கலவையைப் பொறுத்தவை.

கீறலை நீக்குவது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

இது புரிந்தால் மற்றக் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். உலோகத்தின் மேல் துருத்தடுப்பு அடுக்கு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட். தொழிற்சாலையில் அடித்த பெயின்டின் மொத்தத் தடிமன் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் வரை. அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான்.

கீறலை உண்மையிலேயே நீக்கும் பாலிஷ் அதை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குகிறோம். கீறல் 'போய்விட்டது' என்றால் அது இருந்த அடுக்கே போய்விட்டது என்று பொருள். வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் சேர்மங்கள் இருப்பதும் இதே கிளியர் கோட்டில்தான். அளவுக்கு மீறித் தேய்த்த பெயின்ட் அன்றைக்கு ஜொலிக்கும். சில ஆண்டுகள் கழித்து வெளிறி உரியத் தொடங்கும்.

மெஷினில் மாட்டும் மென்மையான ஃபோம் பேடில் ஃபினிஷிங் பாலிஷ் (மிகக் குறைவாகத் தேய்க்கும் வகை) ஒரு முறை ஓடினால் பொதுவாக ஒரு மைக்ரானுக்கும் குறைவாகவே தேயும். முரட்டுக் காம்பவுண்டும் (அதிகம் தேய்க்கும் வகைப் பாலிஷ்) கம்பளிப் பேடும் சேர்ந்தால் சில மைக்ரான்கள் ஒரே அமர்வில் போய்விடும்.

அப்படியானால் எல்லாக் கீறலையும் எடுத்துவிட முடியுமா?

முடிந்தாலும் எடுக்கக் கூடாது. சுழல் கீறல்கள் பெரும்பாலும் ஆழமில்லாதவை, போய்விடும். அவற்றுக்கு நடுவே தனித்தனியாகச் சில ஆழமான கோடுகள் இருக்கும். சுழல் கீறல்கள் மறைந்த பிறகுதான் அவை கண்ணில் படும். பலர் பாலிஷ் போட்டதால் புதிதாக வந்தவை என்று பயந்துபோவார்கள். நகத்தைக் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அதைப் பாலிஷால் துரத்த வேண்டாம். மாட்டாவிட்டாலும் இரண்டாம் சுற்றில் போகாத கோட்டை அப்படியே விடுவதே புத்திசாலித்தனம். விளிம்புகள் மழுங்கியிருந்தாலே அது பாதி மறைந்துவிடும்.

தினமும் ஓடும் வண்டிக்கு பத்தில் எட்டுக் கீறல் போனாலே வெயிலில் பார்ப்பவர் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும். மிச்சம் இரண்டுக்காகச் செலவாகும் கிளியர் கோட், முதல் எட்டுக்கு ஆனதை விட அதிகம்.

போன மாதம் கடையில் பாலிஷ் போட்டேன். இரண்டு, மூன்று வாட்டர் வாஷில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஏன்?

திரும்பி வரவில்லை, போகவே இல்லை. கிளேஸ் என்ற வகையிலும், 'ஒரே ஸ்டெப்' என்று விற்கும் பல பாலிஷ்களிலும் எண்ணெயும் நிரப்பும் பொருள்களும் இருக்கும். அவை கீறலுக்குள் இறங்கி உட்கார்ந்து மினுக்கத்தை மறைக்கும்; ஷாம்பு பட்டுப் பட்டுக் கரைந்ததும் பழைய கதைதான்.

வண்டியை எடுக்கும்போதே சோதிக்க எளிய வழி உண்டு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து, ஆல்கஹால் 10 முதல் 25 சதவீதம் இருக்கும்படி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில் தெளித்து ஒரு சின்ன இடத்தைத் துடைக்கச் சொல்லுங்கள். பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். செய்தவர் இதற்குத் தயங்கினால் அதுவே பதில்.

மெழுகு போட்டோ செராமிக் கோட்டிங் (பெயின்டின் மேல் பூசும் பாதுகாப்பு அடுக்கு) அடித்தோ முடித்த பிறகு இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. அதற்கு முன் பார்க்க வேண்டும்.

பற்பசை, கீறல் மறைக்கும் பேனா, எண்ணெய் ஸ்பிரே?

பற்பசையிலும் தேய்க்கும் துகள் உண்டு, ஆனால் அது பல்லுக்காகச் செய்தது. ஒரு கீறலை மங்கலாக்கி, சுற்றிலும் நூறு மெல்லிய கோடுகளை விட்டுப்போகும்; கறுப்பில் அது உடனே தெரியும். எண்ணெய் ஸ்பிரே மறைக்கும், கழுவினால் போகும். டச்-அப் பேனா கிளியர் கோட்டைத் தாண்டி இறங்கிய கீறலுக்கு உரியது. சுழல் கீறலுக்கு அதில் வேலையே இல்லை.

பாலிஷுக்கு முன் என்னென்ன செய்ய வேண்டும்?

நன்றாகக் கழுவுங்கள். பிறகு ஈரம் காய்ந்த பெயின்டின் மேல் பிளாஸ்டிக் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு விரலை ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் பிரேக் தூசி, இரும்புத் துகள், தார் ஒட்டியிருக்கிறது. அயர்ன் ரிமூவர் தெளித்தால் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதாவாக மாறி வழியும், காயவிடாமல் கழுவிவிடுங்கள். தாருக்குத் தனித் திரவம். மிச்சத்துக்கு கிளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி), அதுவும் வழுவழுப்புத் திரவம் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல். கிளே பாரே மெல்லிய கீறல் போடும். அதனால் பாலிஷ் போடப்போகும் நாளில் மட்டும் அதைக் கையில் எடுங்கள். கீழே விழுந்த கிளே துண்டைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

ரப்பர் ஓரங்கள், கறுப்பு பிளாஸ்டிக், லோகோ, பானெட்டின் கூர்மையான வளைவு முனைகள் ஆகியவற்றில் மாஸ்கிங் டேப். முனைகளில் பெயின்ட் எப்போதும் மெல்லியது. பேடின் அழுத்தமும் அங்கேதான் குவியும்.

எந்த மெஷின் வாங்கலாம்?

முதல் முறை செய்பவருக்கு டூயல் ஆக்‌ஷன் பாலிஷர், சுருக்கமாக டிஏ. இதில் பேட் சுழன்றுகொண்டே ஊசலாடும், அதனால் வெப்பம் ஒரே இடத்தில் குவியாது. ரோட்டரி மெஷின் வேகமாக வெட்டும். பழகாத கையில் கிளியர் கோட்டையே எரித்துவிடும். எரிக்காவிட்டாலும் ஹோலோகிராம் என்ற அலையலையான தடங்களை விட்டுப்போகும். வேலை தெரிந்தவர்கள் ரோட்டரியில் அருமையாகச் செய்வார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் கறுப்பு வண்டி பழகுவதற்கான இடமல்ல.

டிஏ வாங்கும்போது பேட் எத்தனை மில்லிமீட்டர் ஊசலாடும் என்று பாருங்கள். 15 மில்லிமீட்டரும் 5 அங்குலப் பேடும் பெரும்பாலான வேலைக்குப் போதும். 21 மில்லிமீட்டர் பெரிய தட்டையான பானெட்டுக்கு நல்லது, வளைவுகளில் தடுமாறும். துளையிடும் டிரில்லில் பேட் மாட்டிச் செய்யும் யோசனையை விட்டுவிடுங்கள்.

எந்தக் காம்பவுண்ட், எந்தப் பேட்?

பெயரைக் கேட்காதீர்கள், பெயின்டைக் கேளுங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களில்கூடக் கிளியர் கோட் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால் பானெட்டில் சுமார் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை டேப் ஒட்டிப் பிரித்து, அங்கே முதலில் சோதித்துப் பாருங்கள்.

இருப்பதிலேயே சாதுவான கூட்டணியில் ஆரம்பிக்க வேண்டும்: மென்மையான ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ். ஒரு முறை முழுதாக ஓட்டி, ஆல்கஹால் கலவையால் துடைத்து, டார்ச்சில் பாருங்கள். போதவில்லை என்றால் பேடை மாற்றாமல் சற்றே வெட்டும் பாலிஷ். அதுவும் போதாவிட்டால் நடுத்தர ஃபோம் பேட். அதற்கும் மசியாத கடினப் பெயின்டுக்குத்தான் மைக்ரோஃபைபர் பேடும் காம்பவுண்டும். மேலிருந்து கீழே வருவதைவிடக் கீழிருந்து மேலே ஏறுவது நேரம் எடுக்கும், ஆனால் தேவைக்கு மேல் ஒரு மைக்ரானும் போகாது. சோதனைச் சதுரத்தில் எது வேலை செய்ததோ அதையே வண்டி முழுக்கச் செய்யுங்கள். நடுவில் பொறுமை இழந்து முரட்டுப் பேடுக்குத் தாவக் கூடாது.

பேட் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே பேடில் முழு வண்டியையும் முடிக்கப் பார்த்தால் அது சூடேறி, தேய்ந்த பெயின்டும் பழைய பாலிஷும் அடைத்து, வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கோடு போட ஆரம்பிக்கும்.

மெஷினை எப்படி ஓட்ட வேண்டும்?

நிழலில், தொட்டால் சுடாத பெயின்டில். புதுப் பேடில் முதல் முறை மட்டும் பாலிஷைப் பேடின் பரப்பு முழுக்க மெல்லியதாகத் தடவுங்கள். பிறகு ஒவ்வொரு சதுரத்துக்கும் பட்டாணி அளவில் மூன்று, நான்கு சொட்டு. மெஷினை அணைத்த நிலையிலேயே நாலைந்து இடத்தில் ஒற்றி, மெதுவான வேகத்தில் பரப்பி, பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். ஆறு வரை எண் உள்ள மெஷினில் 4 அல்லது 5.

கை நகரும் வேகம் நொடிக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர். பார்ப்பவருக்கே சலிப்புத் தட்டும் வேகம் அது. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் பாதியை மூட வேண்டும். இடவலமாக ஒரு முறை, மேல்கீழாக ஒரு முறை, இப்படி நான்கு முதல் ஆறு முறை. பேடைப் பெயின்டில் தட்டையாக வையுங்கள். பேக்கிங் பிளேட்டின் (பேட் ஒட்டும் தட்டு) பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் பேட் சுழல்கிறதா, வெறுமனே அதிர்கிறதா என்று தெரியும். சுழற்சி நின்றால் கீறல் போகாது, அழுத்தத்தைக் குறையுங்கள்.

ஒரு சதுரம் முடிந்ததும் பேடைப் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். மிச்சமுள்ள பாலிஷைத் துடைக்கும் துணிதான் பலர் கோட்டைவிடும் இடம். ஓரத்தில் தையல் உறுத்தாத, அன்றுவரை வேறெதற்கும் பயன்படுத்தாத மைக்ரோஃபைபர் துணியை எடுத்து, அதன் எடையிலேயே இழுங்கள். காய்ந்து ஒட்டிக்கொண்டால் ஆல்கஹால் கலவையை ஒரு முறை தெளித்துத் துடைக்கலாம், தேய்க்கக் கூடாது.

சுழல் கீறல் போய்விட்டது, ஆனால் பனி படர்ந்த மாதிரி மங்கலாக இருக்கிறது. எதைத் தவறவிட்டேன்?

கறுப்பு வண்டியில் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. காம்பவுண்டும் முரட்டுப் பேடும் பெரிய கீறலை எடுத்துவிட்டு, தங்கள் பங்குக்கு எண்ணற்ற நுண்கோடுகளை விட்டுப்போகும். வெள்ளையிலும் சில்வரிலும் இது யாருக்கும் தெரியாது, அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கறுப்பில் ஆழமே இல்லாமல் சாம்பல் பூத்தது போல நிற்கும். ஆக, மிக மென்மையான ஃபோம் பேடில் ஃபினிஷிங் பாலிஷ் கொண்டு இரண்டாவது சுற்று கட்டாயம். வேகத்தை 3-க்குக் குறைத்து, கடைசி இரண்டு முறை மெஷினின் எடை மட்டும் போதும் என்ற அளவில் ஓட்டுங்கள்.

அதற்கும் மங்கல் போகாவிட்டால் மூன்று இடங்களில் தேடுங்கள். பேட் அழுக்காக இருக்கலாம். பெயின்ட் ரொம்ப மென்மையாக இருந்து, துடைக்கும் துணியே கோடு போட்டுக்கொண்டிருக்கலாம். பாலிஷ் போடாத ஒரு நல்ல இடத்தில் அதே துணியால் துடைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். அல்லது பாலிஷும் பேடும் இந்தப் பெயின்டோடு ஒத்துப்போகவில்லை. அப்போது அதே பேடில் வேறு பாலிஷை முயலுங்கள். மென்மையான கறுப்பில், வலுவாகத் தேய்ப்பவரைவிட லேசாகத் தொடுபவருக்கே நல்ல பலன் கிடைக்கும்.

எந்த வெளிச்சத்தில் சோதிப்பது?

டியூப் லைட்டின் பரவலான ஒளியில் எல்லா வண்டியும் நல்ல வண்டி. ஒற்றைப் புள்ளியிலிருந்து வரும் எல்இடி டார்ச், மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, பல கோணங்களில். இறுதித் தீர்ப்பு நேரடி வெயில்.

பெயின்ட் தடிமன் மீட்டர் அவசியமா?

வண்டியை முதல் நாளிலிருந்து நீங்களே வைத்திருந்து, ஃபினிஷிங் பாலிஷோடு நிறுத்தப்போகிறீர்கள் என்றால் இல்லாமலே சமாளிக்கலாம். பழைய வண்டி வாங்கியிருந்தால் கட்டாயம் அளந்து பாருங்கள். முன்னால் யார் எத்தனை முறை தேய்த்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

ஒன்றை மறக்க வேண்டாம்: சாதாரண மீட்டர் காட்டுவது எல்லா அடுக்கும் சேர்ந்த மொத்தத் தடிமன். கிளியர் கோட் மட்டும் எவ்வளவு என்று அது சொல்லாது. ஒரு பேனல் 120 மைக்ரான், பக்கத்துப் பேனல் 85 என்றால் 85 காட்டும் இடத்தைத் தொடாமல் விடுவது நல்லது. 250, 300 என்று ஏறினால் அது மறுபடி பெயின்ட் அடித்த பேனலாக இருக்க வாய்ப்பு அதிகம். பிளாஸ்டிக் பம்பரில் இந்த மீட்டர் வேலை செய்யாது. பம்பர் வெப்பத்தையும் சீக்கிரம் வெளியேற்றாது. அங்கே வேகத்தைக் குறையுங்கள்.

பேடில் கறுப்பு நிறம் ஏறுகிறது. பேஸ் கோட் வரை போய்விட்டதா?

பழைய வண்டி என்றால், கிளியர் கோட் இல்லாத ஒற்றை அடுக்குப் பெயின்டாக இருக்கலாம். அதில் நிறம் ஏறுவது இயல்பு. கிளியர் கோட் உள்ள வண்டியில் இப்படி நடந்தால் மெஷினை உடனே அணையுங்கள். ரப்பரிலோ கறுப்பு பிளாஸ்டிக்கிலோ பேட் உரசியிருந்தால் பிழைத்தீர்கள். இல்லையென்றால் அந்தப் பேனலுக்கு இனிப் பெயின்டர்தான்.

மெஷின் இல்லாமல் கையால்?

கதவுக் கைப்பிடிக் குழி, கண்ணாடி ஓரம் போன்ற சின்ன இடங்களுக்குச் சரி. முழு பானெட்டைக் கையால் தேய்த்தால் தோள் வலிக்கும், அழுத்தம் ஒரே சீராக இருக்காது, புதுக் கோடுகள் வரும்.

கதவுகளுக்கு நடுவில் இருக்கும் பியானோ பிளாக் (பளபளக்கும் கறுப்பு) பிளாஸ்டிக்கும் கீறியிருக்கிறதே?

வண்டியிலேயே எளிதில் கீறலாகும் பாகங்களில் அது ஒன்று. சின்னப் பேட், ஃபினிஷிங் பாலிஷ், குறைந்த வேகம், வெப்பம் ஏறுகிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்தல். சுத்தமாக்கிய பிறகு அந்த அளவுக்குப் பாதுகாப்புப் படலம் வெட்டி ஒட்டிவிட்டால் மறுபடி இந்தப் பாடு இல்லை.

மேட் கறுப்பு?

பாலிஷே கூடாது. தேய்த்த இடம் பளபளக்கும். திரும்ப மேட் ஆக்க முடியாது.

செராமிக் கோட்டிங் போட்டுவிட்டால் இனிக் கீறலே விழாதா?

விழும். டப்பாவில் போட்டிருக்கும் 9ஹெச், பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் வரும் 9 அல்ல அது. கோட்டிங்கின் உண்மையான பயன், அழுக்கு லேசில் ஒட்டாது, கழுவும்போது குறைவாகத் தேய்த்தாலே போதும் என்பது. அதனால் கீறல் குறையலாம். கீறலோடு இருக்கும் பெயின்டின் மேல் கோட்டிங் அடித்தால் அந்தக் கீறலையும் சேர்த்துப் பூட்டி வைக்கிறீர்கள். பிறகு கீறலை எடுக்கக் கோட்டிங்கையும் தேய்த்தெடுக்க வேண்டும்.

கீறலைத் தாங்கிக்கொள்ள வேண்டுமென்றால் பெயின்ட் பாதுகாப்புப் படலம்தான் வழி. பிபிஎஃப் என்று விற்கிறார்கள். பல வகைகளில் மேலே விழும் மெல்லிய கோடு வெயில் சூட்டிலோ வெந்நீரிலோ தானாக ஆறிவிடும். இதே குணத்தைக் கிளியர் கோட்டிலேயே கொண்டுவரும் முயற்சியை நிசான் நிறுவனம் 2005-ல் அறிவித்தது. அப்படிப்பட்ட பெயின்ட் உள்ள வண்டிகளில் மெஷின் வைப்பதற்கு முன் தயாரிப்பாளரின் குறிப்பைப் பாருங்கள்.

கீறல் மறுபடி வராமல் எப்படிக் கழுவுவது?

துணி பெயின்டைத் தொடும் முன்பே அழுக்கில் பெரும்பகுதி இறங்கியிருக்க வேண்டும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். பிறகு நுரை அடித்து, காயும் முன் கழுவுங்கள். அதன்பின் இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் முக்கி ஒரு பேனல் கழுவி, வெறும் தண்ணீரில் அலசி, மறுபடி ஷாம்புக்குப் போங்கள். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சக்கரத்தை ஒட்டிய கீழ்ப்பகுதிக்கும் சக்கரத்துக்கும் தனித் துணி. ஸ்பாஞ்ச் வேண்டாம், தட்டைப் பரப்பில் மணலை வைத்து அது தேய்க்கும்.

துடைப்பதற்குத் தடிமனான டவலை விரித்துப் போட்டு மெதுவாக இழுங்கள், அல்லது ஒற்றி எடுங்கள். ஊதுகாற்று இருந்தால் இன்னும் நல்லது. மைக்ரோஃபைபர் துணிகளைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள். இழைகளில் படிந்து நீர் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். வெயிலில் தானாகக் காயட்டும் என்றும் விட முடியாது, உப்புநீர் என்றால் வெள்ளைத் திட்டுகள் பதிந்து அதற்கும் பாலிஷ் தேடிப் போக வேண்டிவரும்.

சுழலும் பிரஷ் உள்ள தானியங்கி வாஷ் பக்கமே போக வேண்டாம். முன்னால் போன வண்டியின் சேறு அந்தப் பிரஷில்தான் இருக்கிறது.

தினமும் காலையில் துணியால் தூசி தட்டினால்?

சுழல் கீறல் போட இதைவிட வேகமான வழி கிடையாது. உலர்ந்த தூசியோடு விட்டுவையுங்கள், அல்லது தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை பாலிஷ் போடலாம்?

நாள்கணக்கு வைத்துப் போடுவதல்ல இது. முழுமையான திருத்தம் ஒரு வண்டியின் ஆயுளில் ஒன்றிரண்டு முறை நடந்தால் போதும். நடுவில் வெயிலில் கண்ணை உறுத்தினால் ஃபினிஷிங் பாலிஷ் ஒரு சுற்று. ஆறு மாதத்துக்கு ஒரு முறை காம்பவுண்ட் போட்டுத் தருகிறோம் என்று 'பேக்கேஜ்' விற்பவரிடம், முடிவில் கிளியர் கோட் எவ்வளவு மிஞ்சும் என்று கேளுங்கள்.

புதுக் கறுப்பு வண்டி டெலிவரி எடுக்கப்போகிறேன். முன்கூட்டியே ஏதாவது சொல்ல வேண்டுமா?

கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம், பாலிஷ் வேண்டாம், ஒட்டியிருக்கும் படலத்தை உரிக்கவும் வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள். ஷோரூமில் அவசரமாக ஒரே துணியால் பத்து வண்டி துடைக்கப்படும்; புது வண்டியின் முதல் சுழல் கீறல் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது. தூசியோடு கொடுங்கள் என்றால் விற்பனையாளர் வினோதமாகப் பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும். சாவி வாங்கும் முன் வண்டியை வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லி, பானெட், கூரை, பின்கதவு மூன்றையும் சாய்கோணத்தில் ஒரு முறை பாருங்கள்.